மலையகத்து இளம் கால்பந்தாட்ட வீரர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பந்தைத் தொட்டு, பின்னர் கொழும்புக் கழகங்களுக்காகச் சம்பளத்துக்கு ஆடி, இப்போது அதே பிரதேசத்தில் வயதுப் பிரிவு அணிகளைப் பயிற்றுவித்து வருகிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் பாடசாலை ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என்னாலான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மத்தியகளத்தில் ஆடியவன் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். கோல்காப்பாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

தோட்டத்து மைதானத்தில் பழகியவர் பெரிய மைதானத்தில் ஈடுகொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். விதிகளின்படி மைதானத்தின் நீளம் 90 முதல் 120 மீற்றர் வரையும், அகலம் 45 முதல் 90 மீற்றர் வரையும் இருக்கலாம். மலைச்சரிவை வெட்டி நிரவிய தோட்ட மைதானங்களில் பல இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைக்குள் இறங்கும் பள்ளம். பந்து உருண்டால் யாராவது இறங்கி ஏற வேண்டும் என்பதாலேயே நம் பிள்ளைகள் பந்தைத் தரையோடு வைத்து, கிட்டத்தில் நிற்பவருக்குத் தட்டி விளையாடப் பழகுகிறார்கள். கல்லில் பட்டு எகிறும் பந்தை அடக்கிப் பழகிய கால், நல்ல புற்றரையில் வரும் பந்தைச் சிரமமின்றி அடக்கிவிடும். அதுதான் நாம் கொண்டுபோகும் மூலதனம்.

நம்மிடம் இல்லாதது தூரத்தைக் கணிக்கும் பழக்கம். வலப்பக்கம் நெருக்கடி வந்ததும் 40 மீற்றர் தள்ளி இடப்பக்கத்தில் தனியாக நிற்பவருக்குப் பந்தை அனுப்புவது, அது காற்றில் இருக்கும்போதே முழு அணியும் இடம் மாறுவது, பின்கள வீரர்களுக்குப் பின்னால் கிடக்கும் வெற்றிடத்தைக் கோல்காப்பாளர் முன்னே வந்து காப்பது போன்றவற்றைச் சிறிய மைதானம் சொல்லித் தராது. ஆகவே ஹட்டன் டன்பார், பதுளை வின்சன்ட் டயஸ், கண்டி போகம்பரை போன்ற பெரிய மைதானம் ஒன்றில் அவ்வப்போது ஆடுவதற்குப் பாடசாலையோ கழகமோ ஒழுங்கு செய்ய வேண்டும். தோட்டத்திலேயே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு: கோல் கம்பங்களைச் சரியான அளவில், அதாவது 7.32 மீற்றர் அகலத்திலும் 2.44 மீற்றர் உயரத்திலும் நடுங்கள். மைதானம் சிறிது என்று கோலையும் சுருக்கினால், அடிப்பவரின் கண்ணும் பொய்யாகப் பழகும், காப்பவரின் கால்களும் பொய்யாகப் பழகும்.

மலையில் ஓடிப் பழகியவர்களுக்குக் கொழும்பில் மூச்சு வாங்காது என்கிறார்களே?

அதில் உண்மை கொஞ்சம்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 80 வீதம். ஹட்டன் அதைவிடத் தாழ்வு. உயரத்தில் தங்கி இரத்தத்தின் ஒட்சிசன் கொள்ளளவைக் கூட்ட விரும்பும் நெடுந்தூர ஓட்ட வீரர்கள் பொதுவாக 2,000 மீற்றரும் அதற்கு மேலும் உள்ள இடங்களையே தேடிப் போகிறார்கள். நம் ஊர்கள் தரும் அனுகூலம் அவ்வளவு பெரிதல்ல.

கொழும்பில் நம் பிள்ளைகளைச் சாய்ப்பது வெக்கையும் காற்றின் ஈரப்பதனும்தான். முதல் 20 நிமிடங்கள் பறந்து பறந்து ஆடிவிட்டு, இரண்டாம் பாதியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் மலையக அணிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். அவ்வளவு நாள் முன்னதாக இறங்குவதற்கு எந்தப் பாடசாலையிடமும் காசில்லை. ஆகவே ஆட்டத்தின் வேகத்தைத் திட்டமிட வேண்டும். முதல் கால்மணி நேரத்தில் பந்தைத் துரத்தாமல் நமக்குள்ளேயே வைத்துக்கொள்வதும், தாகம் எடுப்பதற்கு முன்பே சிறுகச் சிறுகத் தண்ணீர் குடிப்பதும் அந்தத் திட்டத்தில் அடங்கும்.

பந்தும் மாறும் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மலையில் காற்று இலேசானது. உயர்த்தி அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், வளைவு குறையும். அதே கால், அதே அடி, கொழும்பில் பந்து சற்று முன்னதாகவே விழும். பந்துக்குள் இருக்கும் காற்றின் கதையும் அப்படித்தான்: குளிர்ந்த நுவரெலியாவில் கச்சிதமாகக் காற்றடித்த பந்தைக் கொழும்புக்குக் கொண்டுபோனால், வெப்பத்தால் உள்ளழுத்தம் சிறிது கூடினாலும், வெளியழுத்தம் அதைவிட அதிகமாகக் கூடுவதால் பந்து தொய்ந்திருக்கும். விதி அனுமதிக்கும் அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை. பந்துப் பம்பை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் காற்றைச் சரிபார்த்து, உயரப் பந்துகளை மட்டும் கால்மணி நேரம் அடித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு நாளும் முன்னேற வேண்டும் என்கிறார்கள். நடைமுறையில் அதை எப்படிச் செய்வது?

பலர் கூடுதல் நேரம் ஓடுவதையே முன்னேற்றமாக எண்ணுகிறார்கள். களைத்துப் போவது எளிது. களைத்தவன் எதையாவது கற்றிருப்பான் என்ற நிச்சயம் இல்லை. என்னோடு ஆடியவர்களில் நெடுங்காலம் நிலைத்தவர்களிடம் ஒரு பொதுக் குணத்தைக் கண்டேன்: தமக்கு எது வராது என்பதை அவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். "எனக்கு இடது கால் சரியில்லை" என்று ஒருவர் சொன்னால் அதை வைத்துப் பயிற்றுநரால் ஒன்றும் செய்ய இயலாது. "ஓடிக்கொண்டே இடது காலால் பந்தை வாங்கும்போது அது என்னைவிட்டு ஒரு மீற்றர் விலகிப் போகிறது" என்று சொன்னால், அன்று மாலையே அதற்கொரு பயிற்சி அமைக்கலாம்.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பின்கள வீரர் மத்தியகள வீரருக்குப் பந்தைத் தட்டுகிறார். பந்து வந்து சேர ஒன்றரை நொடி ஆகும் என்று வையுங்கள். சாதாரண வீரர் அந்த ஒன்றரை நொடியும் பந்தையே பார்ப்பார். பந்து காலில் பட்ட பின்புதான் தலை நிமிர்த்துவார். அதற்குள் எதிரணி வீரர் முதுகில் ஏறியிருப்பார். தேர்ந்தவர், பந்து புறப்படும் முன்பு ஒரு தோளுக்கு மேலாகவும், பந்து வந்துகொண்டிருக்கும்போது மற்றத் தோளுக்கு மேலாகவும் பின்னால் பார்த்துவிடுவார். ஆள் நெருங்கவில்லை என்று கண்டால் இடுப்பைப் பக்கவாட்டில் திறந்து, தூரத்துக் காலால் பந்தை வாங்குவார். அந்த ஒரே தொடுகையில் அவர் முகம் எதிரணிக் கோலை நோக்கித் திரும்பிவிடும். ஆள் நெருங்கியிருந்தால் கிட்டத்துக் காலால் வந்த வழியே திருப்பி அனுப்புவார். நோர்வே ஆய்வாளர் கெய்ர் ஜோர்டெட் தொழில்முறை வீரர்களின் காணொளிகளை வைத்து இந்தத் தலைதிருப்பலை ஆராய்ந்து, பந்து வரும் முன் அடிக்கடி சுற்றிலும் பார்க்கும் வீரர்கள் முன்னோக்கிய பந்துப் பரிமாற்றங்களில் கூடுதலாக வெற்றி பெறுவதைக் காட்டியிருக்கிறார்.

இதற்குப் பெரிய மைதானம் வேண்டாம். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசைவீடுகளுக்கு, முன்னால் உள்ள வாசலே போதும். மூன்று பேர் நேர்கோட்டில் நில்லுங்கள். ஓரத்தில் நிற்பவர் நடுவில் நிற்பவருக்குப் பந்தைத் தட்ட வேண்டும். அவருக்குப் பின்னால் நிற்பவர், பந்து உருளும்போது விரல்களை உயர்த்திக் காட்ட வேண்டும். நடுவில் நிற்பவர் பந்தைத் தொடும் முன் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் பந்து தவறும், இரண்டாம் வாரம் விரல் தவறும், பிறகு இரண்டும் சேரும். ஒரு பருவத்துக்கு இப்படி ஒன்றோ இரண்டோ விடயங்களை எடுத்தால் போதுமானது. யூடியூப்பில் பார்த்த வித்தைகளைத் தினம் ஒன்றாகப் பழகும் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை, அது அவர்களின் சந்தோஷம். ஆனால் அந்த நேரத்தைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

என் மகன் உயரம் குறைவு, மெலிந்தவன். தெரிவில் ஒதுக்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

இது நம் பிரதேசத்தின் மிகப் பெரிய கேள்வி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். உயரத்தையும் உடற்கட்டையும் மட்டும் பார்த்துத் தெரிவு செய்யும் முறை, நம் பிள்ளைகளில் பெரும் பங்கினரை அவர்கள் பந்தைத் தொடும் முன்பே கழித்துவிடுகிறது. இதோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது: வயதுப் பிரிவு ஜனவரியில் தொடங்கினால், டிசம்பரில் பிறந்த பிள்ளை தன்னைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவரோடு மோத வேண்டும். பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூடுதலாக இருப்பது நெடுநாளாக அறியப்பட்ட விடயம்.

தெரிவாளர்களுக்கு நான் சொல்வது, 14 வயதில் யார் வேகமாக ஓடுகிறார் என்பதைவிட யார் முதலில் முடிவெடுக்கிறார் என்று பாருங்கள் என்பதே. குரோஷியாவின் லூகா மொட்ரிச்சின் உயரம் 1.72 மீற்றர். சிறுவயதில் உடல்வாகு போதாது என்று ஒதுக்கப்பட்டவர் 2018ஆம் ஆண்டு, 33 வயதில், உலகின் மிகச் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதைப் பெற்றார்.

பெற்றோருக்குச் சொல்வது சாப்பாடு பற்றியது. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பும்; வளரும் உடலுக்கு அது மட்டும் போதாது. முட்டை, பருப்பு, கடலை, நெத்தலிக் கருவாடு, கீரை ஆகியவற்றில் ஏதாவதொன்று தினமும் தட்டில் இருக்க வேண்டும். இன்னொன்று, தேயிலை நாட்டில் இதைச் சொல்லச் சற்றுத் தயக்கம்தான்: சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. இரத்தச் சோகை உள்ள பிள்ளைக்கு ஓட மூச்சு இருக்காது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் கொடுங்கள்.

16 வயதில் எந்த அணிக்கும் தெரிவாகவில்லை. இனி முயல்வதில் பயனுண்டா?

உண்டு. இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதளவில் அவருடைய கழகம் கைவிட்டது. தொழிற்சாலை வேலையும் கீழ்நிலை லீக் ஆட்டங்களுமாக இருந்தவர் 2012இல், 25 வயதில், லெஸ்டர் சிட்டியில் சேர்ந்து, 2016இல் பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்ற அணியின் முன்கள வீரரானார். ஆனால் அவர் அந்த இடைக்காலத்தின் பெரும்பகுதியில் போட்டிகளில் ஆடிக்கொண்டே இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தெரிவுக்காகக் காத்திருந்து ஆடாமல் இருப்பவருக்கு இந்த உதாரணம் பொருந்தாது. எவ்வளவு சிறிய சுற்றுப்போட்டியானாலும் ஆடுங்கள்.

நல்ல வீரராக இருந்தவர்தான் நல்ல பயிற்றுநராக முடியுமா?

அப்படி ஒரு விதி இல்லை. தந்தையின் சப்பாத்து வியாபாரத்தில் வேலை செய்த அரிகோ சக்கி தொழில்முறையாக ஒரு போட்டியிலும் ஆடியதில்லை. அவர் பயிற்றுவித்த ஏசி மிலான் 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. சொல்லப்போனால், இயல்பாகவே எல்லாம் வந்துவிட்ட வீரருக்கு, வராத பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்பது புரிவது கடினம்.

நம் பக்கத்தில் பயிற்சி என்பது பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நின்று "அடி! ஓடு! விடாதே!" என்று கத்துவதாக இருக்கிறது. பந்து காலில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நொடியில் இன்னொருவர் முடிவெடுத்துக் கொடுத்தால், அது தானாக முடிவெடுக்கப் பழகாது. அடுத்த போட்டியில் பந்து கிடைத்ததும் கோட்டுப் பக்கம் திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். நான் ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் அவரவர் இடத்திலேயே நிற்கச் சொல்லி, கேள்வி கேட்பேன். "தம்பி, பந்து உன்னிடம் வரும் முன் இந்தப் பக்கம் யார் நின்றார்?" முதலில் பதில் வராது. சேர் கேட்டால் தலை குனிந்து நிற்பதே மரியாதை என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த மௌனத்தைக் கோபத்தால் நிரப்பக் கூடாது. "சரி, நீ திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்" என்று விட்டால், பார்த்து, "சுரேஷ் தனியாக நிற்கிறான் சேர்" என்று மெல்லச் சொல்லும். மறுபடி அதே இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினால், நான் எதுவும் சொல்லாமலே பந்து அந்தப் பக்கம் போகும். சில வாரங்களில் அவர்களே என்னிடம், "இல்லை சேர், அவன் ஒப்சைட்டில் நின்றான், அதனால்தான் கொடுக்கவில்லை" என்று வாதாடுவார்கள். அந்த வாதத்தைக் கேட்கத்தான் நான் மாலை நான்கு மணிக்கு மைதானத்துக்குப் போகிறேன்.

திருத்தம் ஒரு தடவைக்கு ஒன்று மட்டும் இருக்கட்டும். அரைநேர இடைவேளையில் ஏழு குறைகளைக் கேட்ட பிள்ளை, கடைசியாகக் கேட்டதைத் தவிர வேறொன்றையும் மைதானத்துக்குள் கொண்டுபோவதில்லை.

இந்தத் தொழிலை நம்பி வாழ முடியுமா?

இலங்கையில் இதை மட்டுமே நம்பி வாழ்வது கடினம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 1995இல் கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற நாட்டில், முதலாவது தொழில்முறை லீக்கான சுப்பர் லீக் 2021இல்தான் தொடங்கியது. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் அந்தத் தடையை நீக்கியது. நல்ல வயதில் இருந்த வீரர்களுக்கு அந்த மாதங்கள் திரும்பி வரப்போவதில்லை. முப்படைகளின் கழகங்களிலும் பொலிஸ் கழகத்திலும் சேருவோருக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலை கிடைக்கிறது; சிலர் மாலைதீவுக் கழகங்களுக்குப் போய் ஆடியிருக்கிறார்கள். எந்தப் பாதையானாலும் கல்வித் தகைமை கேட்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் பயிற்சியைக் குறைத்துக்கொள்வதால் எந்த வீரரும் கெட்டுப்போனதில்லை. படிப்பை விட்டுவிட்டு வா என்று அழைக்கும் கழகத்தை நம்ப வேண்டாம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் கொட்டும்போது பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும். ஆண்டின் கடைசியில் நிலைமை மாறும். இரு பக்கத்துக் கழகங்களும் பேசிக்கொண்டு நட்புப் போட்டிகளை மாறி மாறி வைத்தால், இரு தரப்புக்கும் ஆட்ட நாட்கள் கூடும். மற்ற நாட்களுக்குத் தோட்டத்து மண்டபச் சுவரும் ஒரு பந்தும் போதும்.

காயங்களைத் தவிர்ப்பது எப்படி?

'11 பிளஸ்' என்று ஃபிஃபா வெளியிட்ட உடற்சூட்டுப் பயிற்சித் தொகுதி ஒன்று உண்டு. 15 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடங்கள், பந்தையும் சில கூம்புகளையும் தவிர எந்தக் கருவியும் வேண்டாம். வாரம் இரண்டு தடவையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் அணிகள் அந்த நேரத்தில் கோலுக்குப் பந்தடித்து விளையாடுகின்றன. கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்; வீக்கம் கூடும். குளிர் ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, காலூன்ற முடியாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பெண் பிள்ளைகளும் ஆடலாமா?

ஆடலாம், ஆடுகிறார்கள், நாட்டுக்கு மகளிர் தேசிய அணியும் இருக்கிறது. முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் முன்சிலுவை நாண் (ACL) கிழியும் அபாயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் என்பதால், மேலே சொன்ன உடற்சூட்டுப் பயிற்சியை அவர்கள் ஒருநாளும் தவிர்க்கக் கூடாது. பயிற்சியை இருட்டுவதற்கு வெகுநேரம் முன்பே முடித்துவிடுங்கள். கொழுந்து மலையிலிருந்து வந்த தாய், மகள் தேயிலைப் பாதையில் தனியாக நடந்து வருவதை நினைத்துக் கவலைப்பட்டால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது.

வயது கூடி வேகம் குறையும்போது எப்படி ஆடுவது?

30ஐத் தாண்டியதும் முதலில் போவது முதல் ஐந்து மீற்றர் வேகம். அதை ஈடுசெய்ய ஒரே வழி, முன்னதாகப் புறப்படுவது; முன்னதாகப் புறப்பட வேண்டுமானால் முன்னதாகப் பார்த்திருக்க வேண்டும். இளவயதில் தோளுக்கு மேலாகப் பார்க்கப் பழகியவர் இந்த வயதில் வட்டியோடு திருப்பி எடுப்பார். கால்களை மட்டும் நம்பி ஆடிய கெட்டிக்காரர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் திடீரென்று காணாமற்போகிறார்கள். பக்கக்கள வீரர் உள்ளே வருவதும், மத்தியகள வீரர் பின்கள வரிசைக்கு முன்னால் இறங்குவதும் இயல்பான இடமாற்றங்கள். பயிற்றுநர் அப்படிச் சொல்லும்போது அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்றுநராக விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஆசியக் கால்பந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் தகைமைகள் டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாக உயர்கின்றன. முதற்படியான டி பாடநெறி பற்றி உங்கள் பிரதேச லீக்கில் விசாரியுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த போட்டிக்கு ஒரு கொப்பியோடு போய், பந்தைத் தொடராமல் ஒரே ஒரு வீரரை மட்டும் 90 நிமிடமும் பாருங்கள்: பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்கிறார், எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறார், பந்து பறிபோனதும் முதலில் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பத்து நிமிடத்துக்குள் கண் பந்துக்குப் போய்விடும், எனக்கும் போகும். அப்படியே குறித்துவந்த சில போட்டிகளின் கொப்பியைப் பாடநெறிக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே கேட்பதற்கு உங்களிடம் கேள்விகள் நிறைய இருக்கும்.